பொதுமன்றமாக வந்த இணையம் சந்தையானது எப்படி?

‘இணையம் வரமா, சாபமா?’ இருபது ஆண்டுகளுக்கு முன்பு பள்ளிப் பட்டிமன்றங்களிலும் தொலைக்காட்சிக் கருத்தரங்குகளிலும் இந்தத் தலைப்புக்கு எப்போதும் கிராக்கி உண்டு. ‘வரம்’ என்று பேச வந்த அணிக்கு வேலை சுலபம். மின்னஞ்சல், இணையவழிக் கல்வி, ஊரில் இருக்கும் உறவோடு நொடியில் பேசும் வசதி என்று அடுக்கினால் போதும். ‘சாபம்’ என்று பேச வந்தவர்களோ காலத்துக்கு ஒவ்வாத பழமைவாதிகளாகத் தெரிந்தார்கள்.

இன்று அதே தலைப்பை மேடையேற்றினால் நிலைமை வேறு. இணையத்தை நொந்துகொள்பவர்கள் தாத்தா, பாட்டிகள் மட்டுமல்லர். கைத்தொலைபேசியோடு வளர்ந்த இளையர்களே அலுத்துக்கொள்கிறார்கள். அதைவிட வியப்பு, இணையத்தைக் கட்டியவர்களே வருந்துவதுதான்.

உலகளாவிய வலையை 1989ஆம் ஆண்டில் வடிவமைத்தவர் பிரிட்டிஷ் அறிவியலாளர் டிம் பெர்னர்ஸ்-லீ. ஜெனீவா அருகிலுள்ள ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையத்தில் அவர் அப்போது பணியாற்றினார். 1993 ஏப்ரல் 30ஆம் தேதி, அந்தத் தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அந்த மையம் அறிவித்தது. காப்புரிமை இல்லை, கட்டணம் இல்லை. உலகுக்கு ஒரு கொடை. அதே பெர்னர்ஸ்-லீ, மனிதகுலத்துக்குச் சேவை செய்திருக்க வேண்டிய வலை அதில் தவறிவிட்டது என்று 2018ஆம் ஆண்டில் வெளிப்படையாக வருந்தினார்.

படைத்தவரே வருந்துகிறார் என்றால் இடையில் என்ன நடந்தது? கருவி கெட்டுவிட்டதா, மனிதர்கள் கெட்டுவிட்டார்களா? இந்தக் கேள்விக்கு விடை தேட அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களின் கடந்த முப்பது ஆண்டு அனுபவத்தைப் புரட்டிப் பார்த்தாலே போதும்.

ஒரு பெட்டி, நூறு கண்கள்

இணையத்துக்கு முன்பும் ஒரு புதுமை வந்தது. 1963 பிப்ரவரியில் சிங்கப்பூரிலும் அதே ஆண்டு டிசம்பரில் மலேசியாவிலும் தொலைக்காட்சி அறிமுகமானது. வீட்டுக்கு வீடு பெட்டி வாங்க அன்று யாருக்கு வசதி இருந்தது? சிங்கப்பூரில் சமூக மன்றங்களில் வைக்கப்பட்ட பெட்டிகளைச் சுற்றி அக்கம்பக்கத்தார் கூடினார்கள். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே திரையைப் பார்த்தார்கள். ஒரே இடத்தில் சிரித்தார்கள்.

தொலைக்காட்சியையும் அன்று பலர் குறைகூறினார்கள். பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்றார்கள். ஆனாலும் அந்தப் பெட்டி மனிதர்களை ஓரிடத்தில் உட்காரவைத்தது. பார்த்ததைப் பற்றி மறுநாள் காப்பிக்கடையில் பேச எல்லாருக்கும் ஒரே செய்தி இருந்தது. இணையம் வந்தபோது மக்கள் எதிர்பார்த்ததும் இதைத்தான். சமூக மன்றத்துத் திரை உலகளவுக்கு விரியப்போகிறது என்று நம்பினார்கள்.

தமிழ் வலையேறிய கதை

அந்த நம்பிக்கை வெறும் கற்பனை அல்ல. 1991ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டெக்நெட் என்ற ஆய்வாளர் கட்டமைப்பு வழியாக இணையம் நுழைந்தது. 1994ஆம் ஆண்டில் சிங்நெட் பொதுமக்களுக்கு இணையச் சேவை வழங்கத் தொடங்கியது. மலேசியாவில் 1992ஆம் ஆண்டில் ஜாரிங் வந்தது. 1996ஆம் ஆண்டில் மல்டிமீடியா சூப்பர் காரிடார் திட்டத்தைத் தொடங்கிய மலேசிய அரசாங்கம், இணையத்தைத் தணிக்கை செய்யமாட்டோம் என்று உறுதியளித்தது.

இந்தக் காலகட்டத்தில் தமிழர்கள் கைகட்டி நிற்கவில்லை. 1995 அக்டோபரில் அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் ஓர் இணையத்தளத்தைத் தொடங்கிவைத்தார். சிங்கப்பூர்க் கவிஞர்களின் படைப்புகள் நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் அதில் இடம்பெற்றன. தமிழும் அவற்றில் ஒன்று. அதற்கு உழைத்தவர்களில் முக்கியமானவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. 1999ஆம் ஆண்டில் காலமான அவரைத் ‘தமிழ் இணையத்தின் தந்தை’ என்றே பலர் இன்றும் குறிப்பிடுகின்றனர்.

அன்று ஒரு சிக்கல் இருந்தது. கோலாலம்பூரில் ஒருவர் தமிழில் தட்டச்சு செய்து அனுப்பிய மின்னஞ்சல், சென்னையில் திறந்தால் கோடும் புள்ளியுமாகக் கிடக்கும். காரணம், ஆளுக்கோர் எழுத்துரு, எழுத்துருவுக்கோர் குறியீட்டு முறை. இதைத் தீர்க்க 1997 மே மாதம் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999ஆம் ஆண்டில் சென்னை, 2000ஆம் ஆண்டில் மீண்டும் சிங்கப்பூர், 2001ஆம் ஆண்டில் கோலாலம்பூர் என்று மாநாடுகள் தொடர்ந்தன. உத்தமம் என்று அழைக்கப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்ததும் இந்த முயற்சிகளின் பயன்தான். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல், உலகெங்கும் தமிழர்களின் கணினிகளில் குடியேறியது.

1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கியது. பழந்தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கி யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைப்பதே அதன் நோக்கம். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அறிவியலாளர் கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியில், வெவ்வேறு நாட்டுத் தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்தார்கள். மெய்ப்புப் பார்த்தார்கள். சம்பளம் யாருக்கும் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அன்று இணையத்துக்குள் நுழைந்த தமிழர் அங்கே வாடிக்கையாளராக நுழையவில்லை. பங்காளியாக நுழைந்தார். தம் வீட்டுக்கல் ஒன்றை எடுத்துச் சென்று பொதுமன்றத்தின் சுவரில் பதித்தார். அதனால்தான் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது பலருடைய குரலில் இன்றும் ஒரு பெருமிதம் ஒலிக்கிறது.

நண்பர்கள் குடியிருந்த வாடகை வீடு

புத்தாயிரத்தின் தொடக்கத்தில் காட்சி மாறத் தொடங்கியது. 2002ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் ஜோனதன் ஏப்ரம்ஸ் என்பவர் ஃபிரெண்ட்ஸ்டர் என்ற தளத்தை உருவாக்கினார். அமெரிக்காவில் விரைவில் மவுசு இழந்த அது, தென்கிழக்காசியாவில் கொடிகட்டிப் பறந்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தொடக்கக் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்கள் பலருக்கு அதில் ஒரு பக்கம் இருந்தது. நண்பர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதும் பாராட்டு வரிகள்தாம் அதன் தனிச்சிறப்பு. யார் யாரைப் பற்றி என்ன எழுதினார் என்பது அன்றைய மாணவர் உலகில் பெரிய செய்தி.

பிறகு ஃபேஸ்புக் வந்தது. கூட்டம் அங்கே நகர்ந்தது. 2009 டிசம்பரில் மலேசியாவின் எம்ஓஎல் நிறுவனம் ஃபிரெண்ட்ஸ்டரை வாங்கியது. உலகமே அறிந்த ஒரு சமூக வலைத்தளம் மலேசியர் கைக்கு வந்தது என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. ஆனால் 2011ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அந்தத் தளம் விளையாட்டுத் தளமாக மாற்றப்பட்டது. வேண்டிய படங்களையும் செய்திகளையும் எடுத்துக்கொள்ளும்படி பயனாளர்களுக்குக் கெடு விதிக்கப்பட்டது. எடுக்காதவர்களின் நினைவுகள் அழிக்கப்பட்டன. 2015ஆம் ஆண்டில் தளமே சேவையை நிறுத்திக்கொண்டது.

வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய ஆல்பத்தைக் கரையான் அரித்தால்கூட நாலு படமாவது மிஞ்சும். இங்கே எதுவும் மிஞ்சவில்லை. ஃபிரெண்ட்ஸ்டர் மட்டுமல்ல. தமிழர் பலர் முதன்முதலாகச் சொந்தப் பக்கம் அமைத்த ஜியோசிட்டீஸ் சேவையை 2009 அக்டோபரில் யாஹூ இழுத்து மூடியது. யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் மூடப்பட்டன. ‘இணையத்தில் ஏற்றினால் என்றும் அழியாது’ என்ற நம்பிக்கைக்கு விழுந்த முதல் அடி இது.

வாடகை வீட்டின் சுவரில் எவ்வளவு அழகாகச் சித்திரம் தீட்டினாலும், வீட்டுக்காரர் இடிக்க நினைத்தால் யார் தடுக்கமுடியும்? இலவசம் என்ற சொல் அந்த உண்மையை மறைத்திருந்தது.

கவனம் என்னும் சரக்கு

அப்படியானால் இந்த வாடகை எந்த நாணயத்தில் வசூலிக்கப்பட்டது? மனிதர்களின் நேரத்தில்.

சில ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் ‘நியூஸ் ஃபீட்’ என்ற ஓடும் செய்திப் பட்டியலை அறிமுகப்படுத்தியது. அதே மாதத்தில் பொதுமக்கள் அனைவரும் அதில் சேரலாம் என்ற நிலையும் வந்தது. 2007ஆம் ஆண்டில் ஐஃபோன் வெளியானது. 2009 பிப்ரவரியில் ‘லைக்’ பொத்தான் வந்தது. அதுவரை கணினி முன் போய் உட்கார்ந்தால்தான் இணையம். அதன் பிறகு இணையம் சட்டைப்பைக்குள் புகுந்தது. படுக்கைக்கு வந்தது. சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் அமர்ந்தது.

முன்பெல்லாம் ஒரு பக்கத்தைப் படித்து முடித்தால் அடுத்த பக்கத்துக்கான பொத்தானை அழுத்தவேண்டும். அந்த ஒரு நொடியில் ‘போதும், நிறுத்திவிடலாம்’ என்று தோன்ற வாய்ப்புண்டு. விரல் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் பக்கம் நீளும் முறையை 2006ஆம் ஆண்டில் வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். பின்னாளில் அவரே அதற்காக வருத்தம் தெரிவித்தார். ஃபேஸ்புக்கின் முதல் தலைவரான ஷான் பார்க்கரும் 2017ஆம் ஆண்டில் மனம் திறந்தார். மக்களின் நேரத்தையும் கவனத்தையும் எவ்வளவு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம் என்பதே தொடக்கத்தில் இருந்த சிந்தனை என்றும், மனித மனத்தின் பலவீனம் தெரிந்தே பயன்படுத்தப்பட்டது என்றும் அவர் கூறினார்.

விளம்பரத்தில் வாழும் நிறுவனத்துக்கு, கண் திரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் காசு. கண்ணை நிறுத்திவைக்க எது உதவும்? அன்பும் அறிவும் உதவும், ஆனால் கோபம் இன்னும் வேகமாக உதவும். 2017ஆம் ஆண்டிலிருந்து சில காலம், பதிவுகளை வரிசைப்படுத்தும் கணக்கில், ஒரு ‘லைக்’குக்கு ஒரு புள்ளி என்றால் கோபமுகம் உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு ஐந்து புள்ளி என்று ஃபேஸ்புக் வைத்திருந்தது. 2021ஆம் ஆண்டில் வெளியான நிறுவன ஆவணங்கள் இதைக் காட்டிக்கொடுத்தன. கோபமூட்டும் பதிவு மேலேறியது. நிதானமாக எழுதியவரின் குரல் அடியில் அமுங்கியது. முன்னாள் ஊழியர் ஃபிரான்சிஸ் ஹாவ்கன் அதே ஆண்டு அமெரிக்க செனட் சபைமுன் சாட்சியம் அளித்தபோது, பதின்மவயதுப் பெண்கள் சிலரின் உடல்தோற்றக் கவலையை இன்ஸ்டகிராம் மோசமாக்குவதாக நிறுவனத்தின் சொந்த ஆய்வே கண்டறிந்திருந்தது என்பதும் வெளிச்சத்துக்கு வந்தது.

நேரம் மட்டுமல்ல, தனிமனித விவரங்களும் சரக்காயின. 2018ஆம் ஆண்டில் வெடித்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில், உலகம் முழுவதும் 87 மில்லியன் பேரின் தகவல்கள் முறைகேடாகப் பகிரப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே மதிப்பிட்டது. மறு ஆண்டு அமெரிக்க அதிகாரிகள் அந்நிறுவனத்துக்கு 5 பில்லியன் டாலர் அபராதம் விதித்தனர்.

பொதுமன்றத்தில் பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒருநாள் திரும்பிப் பார்த்தபோது, சுற்றிலும் கடைகள் முளைத்திருந்தன. கடையில் விற்பனைக்கு இருந்த சரக்கு அவர்களேதாம்.

வதந்திக்குக் கொடுத்த விலை

இது வெறும் பொழுதுபோக்கு பற்றிய முணுமுணுப்பாக இருந்திருந்தால் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. இதில் உயிர்களும் போயிருக்கின்றன.

2018 மே மாதம் தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் அருகே அத்திமூருக்கு ஒரு குடும்பம் காரில் சென்றது. மலேசியாவிலிருந்து வந்திருந்த உறவினர்களும் அதில் இருந்தனர். குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்ற பயணம் அது. வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அந்நாள்களில் ‘பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள்’ என்ற வதந்தி வாட்ஸ்அப் வழியாக ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது. சந்தேகம் கொண்ட கூட்டம் அவர்களைச் சூழ்ந்து தாக்கியது. அறுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி உயிரிழந்தார். மற்றவர்கள் காயமடைந்தனர்.

கடல்கடந்து வந்தவர்கள் வேரைத் தேடிப் போனார்கள். பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பது காலங்காலமாகப் பாசத்தின் அடையாளம். அந்த அடையாளத்தையே குற்றத்தின் சான்றாக மாற்றிக்காட்டியது கைத்தொலைபேசியில் வந்த ஒரு பொய். அந்த ஆண்டு இந்தியாவின் பல மாநிலங்களில் இத்தகைய கொலைகள் நடந்தன. அதன் பிறகே ஒரு தகவலை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்பமுடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு விதித்தது. 2019 ஜனவரியில் அது உலகம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது.

2024 ஜூலையில் கோலாலம்பூரில் இன்னொரு துயரம். சமூக ஊடகத்தில் பலர் அறிந்த இந்திய இளம்பெண் ஒருவர், இணையப் பகடிவதைக்கு ஆளாகித் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இறப்பதற்கு முன்பு அவர் காவல்துறையில் புகாரும் அளித்திருந்தார். அதன் தொடர்பில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு, சிறு குற்றங்களுக்கான பழைய சட்டத்தின்கீழ் விதிக்க முடிந்தது 100 ரிங்கிட் அபராதம் மட்டுமே. மலேசிய இந்தியர்கள் கொதித்தெழுந்தனர். ‘ஓர் உயிரின் விலை 100 ரிங்கிட்டா?’ என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. அதைத் தொடர்ந்து தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது. பகடிவதையால் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் நிலை ஏற்பட்டால் பத்தாண்டு வரை சிறை என்ற புதிய பிரிவுகள் 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன.

சிங்கப்பூரின் கதை பணப்பையைப் பற்றியது. 2024ஆம் ஆண்டில் மட்டும் மோசடிக்காரர்களிடம் மக்கள் இழந்த தொகை 1.1 பில்லியன் வெள்ளி. பதிவான சம்பவங்கள் 51,000க்கும் மேல். ஓராண்டு இழப்பு பில்லியனைத் தாண்டியது அதுவே முதல் முறை. காதல் பேசி ஏமாற்றியவர், முதலீடு என்று வந்தவர், அதிகாரி என்று மிரட்டியவர் எனப் பலரும் வந்து கதவைத் தட்டியது பெரும்பாலும் கைத்தொலைபேசி வழியாகத்தான்.

சட்டம் போதுமா?

அரசாங்கங்கள் சும்மா இருக்கவில்லை. மலேசியா 2018ஆம் ஆண்டில் பொய்ச் செய்திக்கு எதிரான சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து, ஆட்சி மாறியபின் 2019ஆம் ஆண்டில் அதை மீட்டுக்கொண்டது. சிங்கப்பூரில் இணையப் பொய்களுக்கு எதிரான சட்டம் 2019 அக்டோபரில் நடப்புக்கு வந்தது. அதிகாரம் அமைச்சர்கள் கையில் குவிகிறதே என்ற விவாதமும் கூடவே எழுந்தது. 2025 டிசம்பர் 10 முதல் ஆஸ்திரேலியா, 16 வயதுக்குட்பட்டோர் முக்கிய சமூக ஊடகத் தளங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடைசெய்தது. 2026 ஜனவரி முதல் சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுவதும் மாணவர்கள் கைத்தொலைபேசியைப் பயன்படுத்தக்கூடாது என்பது விதியானது.

1996ஆம் ஆண்டில் ‘தணிக்கையே இல்லை’ என்று வாக்களித்த வட்டாரம், முப்பது ஆண்டுகளில் சட்டத்துக்கு மேல் சட்டம் போடும் நிலைக்கு வந்திருக்கிறது. ஏமாற்றத்தின் ஆழத்தை அளக்க இதைவிட வேறு அளவுகோல் வேண்டுமா?

ஆனாலும் சட்டம் வாசலில் நிற்கும் காவலாளி. வீட்டுக்குள் யார் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதை அவர் தீர்மானிக்கமுடியாது. கோபமுகத்துக்கு ஐந்து புள்ளி கொடுத்தது நிறுவனம் என்றாலும், அந்தக் கோபமுகத்தை அழுத்தியது மனித விரல்தான். சரிபார்க்காமல் அடுத்தவருக்குத் தள்ளிவிட்டதும் அதே விரல்தான்.

மிஞ்சியது எது?

இணையமே வேண்டாம் என்று சொல்வது நன்றி மறப்பது. 2020ஆம் ஆண்டில் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையும் சிங்கப்பூரில் கிருமி முறியடிப்புத் திட்டமும் நடப்பில் இருந்தபோது, பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் வேலை, கோயில் பூசை, எல்லைக்கு அப்பாலிருந்து கலந்துகொண்ட இறுதிச் சடங்கு ஆகிய அனைத்தையும் தாங்கிப்பிடித்தது இணையம்தான். ஜொகூர் பாலத்தின் இருபுறமும் பிரிந்து கிடந்த குடும்பங்களைக் கேட்டால் அதன் அருமை புரியும்.

அப்போது இணையம் நன்றாக இருந்ததற்குக் காரணம் என்ன? யாரோடு பேசவேண்டும் என்பது தெரிந்து, பேசி முடித்ததும் வைத்துவிட்டார்கள். கருவி மனிதருக்கு வேலை செய்தது. முடிவில்லாமல் ஓடும் திரையில் மனிதர் கருவிக்கு வேலை செய்கிறார். வேறுபாடு இவ்வளவுதான்.

வரலாறு இன்னொன்றையும் சொல்கிறது. பெரும் முதலீட்டில் எழுந்த ஃபிரெண்ட்ஸ்டர் இன்று இல்லை. ஜியோசிட்டீஸ் இல்லை. யாஹூ குழுமங்கள் இல்லை. ஆனால் 1998ஆம் ஆண்டு பொங்கலன்று சம்பளமில்லாத் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றன. முதுகலை மாணவரும் படிக்கிறார், ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளியும் படிக்கிறார். அவர்கள் எத்தனை நிமிடம் படித்தார்கள் என்று கணக்கெடுத்து விற்க அங்கே யாருமில்லை. எவருக்கும் சொந்தமில்லாதது எல்லாருக்கும் சொந்தமாக நிலைத்துவிட்டது.

ஆகவே, இன்று மக்கள் உணரும் ஏமாற்றம் இணையத்தின் மீதான வெறுப்பு அன்று. கையிலிருந்த ஒன்றை இழந்த வருத்தம். கோவிந்தசாமியும் அவர் தலைமுறையும் கட்டியெழுப்ப நினைத்த பொதுமன்றத்தின் ஒரு மூலை இன்னும் இடியாமல் இருக்கிறது. அதில் சேர்க்க ஒவ்வொரு குடும்பத்திடமும் ஏதோ ஒன்று உண்டு. தாத்தா கப்பலேறி வந்த கதை இருக்கலாம், தோட்டத்துப் பள்ளியின் பழைய படம் இருக்கலாம், பாட்டி பாடிய தாலாட்டு இருக்கலாம். அவற்றை யாரோ ஒருவரின் வாடகைச் சுவரில் மட்டும் மாட்டிவைக்காமல், நகலெடுத்து வீட்டில் ஒன்று, நூலகத்தில் ஒன்று, பொதுத்தளத்தில் ஒன்று என்று வைத்தால் அடுத்த தலைமுறைக்கு அது மிஞ்சும்.

அனுப்பப்பட்ட செய்தியை அடுத்தவருக்குத் தள்ளும் முன், ‘இது மெய்யா?’ என்று ஒரு கேள்வி. இரவு உணவு நேரத்தில் எல்லாக் கைத்தொலைபேசிகளும் ஒரே தட்டில். வாரம் ஒருமுறை, கட்டைவிரல் குறிக்குப் பதிலாக உறவினருக்கு ஓர் அழைப்பு. இவை பெரிய புரட்சிகள் அல்ல. ஆனால் 1963ஆம் ஆண்டில் சமூக மன்றத்துப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தவர்களிடம் இருந்ததும் பெரிய வசதி அல்ல. பக்கத்தில் ஒருவர் இருந்தார். அவ்வளவுதான்.